ஏட்டில் ஓடிய கதை திரையில் நடந்தது ஏன்?

ஒரு நாவலைப் பத்துப்பேர் வாசித்தால் பத்துப்பேர் மனத்திலும் பத்து விதமான படங்கள் ஓடுகின்றன. கதாநாயகனின் முகம், அவன் நடந்து செல்லும் வீதி, அவனைத் துரத்துபவனின் காலடியோசை ஆகிய யாவும் வாசகன் தானே சிருஷ்டித்துக்கொள்பவை. அவற்றுக்குச் செலவுமில்லை, பிழை சொல்வாருமில்லை. அந்நாவலைத் திரைப்படமாக்க முன்வருபவரோ, அப்பத்துப் படங்களையும் ஒதுக்கிவிட்டு, பதினோராவது படம் ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் வைக்கவேண்டியவராகிறார். வாசித்தவர் பத்துப் பேரல்லர், பல கோடிப் பேர் எனில், அதுவும் கதை சமய நம்பிக்கையைத் தொடுவது எனில், அவர் பாடு எத்துணைச் சங்கடமானது!

அத்தகைய சங்கடத்துக்கு உள்ளான நாவல்களுள் முதலிடம் பெறத்தக்கது, அமெரிக்க எழுத்தாளர் டான் பிரவுண் எழுதிய ‘டாவின்சி கோட்’ என்பதாகும். 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியான அந்நூல் இன்றுவரை எட்டுக் கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியுள்ளது. 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் அது திரைப்படமாக உலகெங்கும் வெளிவந்தது. அது படமான வரலாற்றை ஆராயுமிடத்து நம் முன் எழும் வினா ஒன்றுண்டு. ஒரு நூலைப் படமாக்குபவர் எதற்கு விசுவாசமாயிருத்தல் வேண்டும்? நூலின் எழுத்துக்கா, வாசகரின் நினைவுக்கா, அன்றி உண்மைக்கா?

கதை யாது?

பாரிஸ் மாநகரில் உள்ள லூவர் நூதனசாலையின் காப்பாளர் ஓரிரவு சுடப்பட்டு இறக்கிறார். இறக்குமுன் தம் உடலையே ஒரு புதிராக அமைத்துவிட்டுச் செல்கிறார். குறியீடுகளை ஆராயும் அமெரிக்கப் பேராசிரியர் ரொபர்ட் லாங்டனும், இறந்தவரால் வளர்க்கப்பட்டவளும் பொலிஸ் இலாகாவில் மறைகுறிகளை வாசிப்பவளுமான சோஃபி என்னும் பெண்ணும் அப்புதிரை அவிழ்க்க முயல்கின்றனர். பொலிசார் ஒருபுறமும் கொலைஞன் ஒருவன் மறுபுறமும் துரத்த, அவர்கள் பாரிசிலிருந்து இலண்டனுக்கும், இலண்டனிலிருந்து ஸ்கொட்லாந்துக்கும் ஓடுகின்றனர். இயேசு கிறிஸ்து மரிய மதலேனாளை மணந்தார் என்றும், அவ்வமிசம் இன்றுமுளது என்றும், திருச்சபை அதனை மறைத்தது என்றும் கதையிலே ஒரு வாதம் வைக்கப்படுகிறது. முடிவைக் கூறி, இனிமேல் வாசிக்கவிருப்போரின் இன்பத்தைக் கெடுக்க நாம் விரும்பவில்லை.

நாவலின் வெற்றிக்குக் காரணம் அதன் வேகமே. முகவுரையும் முடிவுரையும் நீங்கலாக அதில் 105 அத்தியாயங்கள் உள. அவற்றுட் பல இரண்டு மூன்று பக்கங்களே கொண்டவை. பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு வினாவோடு முடிகிறது. ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று பக்கத்தைப் புரட்டுபவர் விடியும் வரை புரட்டிக்கொண்டேயிருப்பார். நாமும் அவ்வாறு ஓரிரவு கண்விழித்தவர்களே. எனவே இதைவிடச் சினிமாவுக்கு உகந்த கதை பிறிதில்லையென எவரும் எண்ணுதல் இயல்பே.

விரிவுரையும் வேகமும்

கொலம்பியா படக்கம்பெனி இந்நூலின் படமாக்கும் உரிமையைப் பெற்றது. ரொன் ஹவார்ட் நெறியாளராகவும், அகீவா கோல்ட்ஸ்மன் திரைக்கதாசிரியராகவும் அமைந்தனர். இவ்விருவரும் 2001ஆம் ஆண்டில் ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ என்னும் படத்தைத் தந்து ஒஸ்கார் பரிசு பெற்றவர்கள். கணித மேதை ஒருவரின் மனத்துள் நிகழ்வதைத் திரையிலே காட்டி வெற்றி கண்டவர்களாதலால், புதிர்களின் கதையையும் அவர்கள் இலகுவிற் சமாளிப்பர் என்று எதிர்பார்க்கப்பட்டது. லாங்டனாக டொம் ஹாங்ஸ் நடித்தார். சோஃபியாகப் பிரான்சிய நடிகை ஓட்ரி டொட்டுவும், முதிய ஆராய்ச்சியாளர் டீபிங்காக ஆங்கில நடிகர் இயன் மக்கெல்லனும் தோன்றினர். பன்னிரண்டரைக் கோடி டொலர் செலவாயிற்று.

ஆனால் எழுதத் தொடங்கியதுமே திரைக்கதாசிரியரை ஓர் இடையூறு எதிர்கொண்டிருக்கும். நூலிலே ஓட்டம் உண்மைதான். எனினும் அவ்வோட்டத்தின் இடையிடையே நீண்ட விரிவுரைகள் உள. லியனார்டோ தீட்டிய ‘இறுதி இராப்போசனம்’ என்னும் ஓவியத்தின் உட்பொருள் யாது, 325ஆம் ஆண்டில் நீசேயாச் சங்கத்தில் நிகழ்ந்தது யாது என்றெல்லாம் டீபிங் பக்கம் பக்கமாக விளக்குகிறார். வாசகனுக்கு இது பாரமாவதில்லை. அவன் வேண்டிய இடத்தில் நிற்கலாம். சந்தேகம் வந்தால் முன்பக்கத்துக்கு மீளலாம். புத்தகத்தை மேசைமீது வைத்துவிட்டு அவ்வோவியத்தின் பிரதியொன்றைத் தேடி எடுத்து, கிறிஸ்துவின் வலப்பக்கத்தில் இருப்பவர் யாரெனத் தானே உற்றுநோக்கலாம். கண்டுபிடிப்பது அவனே என்னும் மகிழ்ச்சி அவனுக்குக் கிட்டுகிறது. அரங்கில் அமர்ந்திருப்பவனுக்கோ அந்தச் சுதந்திரம் இல்லை. நடிகர் பேசும் வேகத்திலேயே அவன் கேட்டாகவேண்டும். நூலிலே வாசகன் செய்த வேலையைத் திரையிலே கதாபாத்திரம் செய்துவிட, அவனுக்கு எஞ்சுவது பார்த்துக்கொண்டிருத்தல் ஒன்றே.

இவ்விடையூற்றைக் கடக்கப் படக்குழுவினர் சில உபாயங்களைக் கையாண்டனர். சிலுவைப் போரையும், சூனியக்காரிகள் எனப்பட்ட பெண்கள் வேட்டையாடப்பட்டதையும், நியூட்டனின் மரண ஊர்வலத்தையும் மங்கலான பழங்காட்சிகளாகப் பேச்சின் நடுவே காட்டினர். லாங்டன் ஒரு புதிரைச் சிந்திக்கும்போது எழுத்துகள் ஒளிவிட்டு எழுந்து இடம் மாறுவதைக் காட்டினர். கதையையும் சுருக்கினர். நாவலில் ‘கிரிப்டெக்ஸ்’ எனப்படும் இரகசியப் பேழை வருகிறது. எழுத்துகள் பொறித்த ஐந்து வளையங்களைச் சரியாகத் திருப்பினால் மட்டுமே அது திறக்கும். வலிந்து உடைத்தால் உள்ளேயுள்ள குப்பியிலிருந்து வினாகிரி சிந்தி ஏட்டைக் கரைத்துவிடும். நூலில் அப்பேழைக்குள் இன்னொரு சிறு பேழை உண்டு, படத்தில் ஒன்றுதான். இவ்வளவு வெட்டியும் படம் 149 நிமிடம் ஓடிற்று.

பயன் யாது? 2006 மே 17ஆந் திகதி கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாக அது காட்டப்பட்டது. பத்திரிகையாளருக்கான காட்சியிலே, உருக்கமாக இருக்கவேண்டிய ஓரிடத்திற் சிரிப்பொலி எழுந்ததாகச் செய்திகள் வந்தன. படம் மெதுவாகச் செல்கிறது, பேச்சு மிகுதி என்பதே விமர்சகர் பலரின் தீர்ப்பு. ஆனால் மக்கள் தீர்ப்பு வேறாயிருந்தது. முதல் வார இறுதியிலேயே உலகெங்கும் 22 கோடி டொலருக்கு மேல் வசூலாயிற்று. மொத்த வசூல் 75 கோடியைத் தாண்டிற்று. அரங்கை நிரப்பியது நூலின் புகழ். ஆயினும் அப்புகழுக்கு அஞ்சியே படக்குழுவினர் நூலின் எழுத்தை விட்டகல மறுத்தனர் என்று நாம் கருதுகிறோம். எழுத்துக்கு விசுவாசமாயிருந்தமையால் வேகத்துக்குத் துரோகம் நேர்ந்தது.

திறந்த கதவும் அடைத்த கதவும்

படப்பிடிப்பின் வரலாறு கதையைப் போலவே சுவையானது. லூவர் நூதனசாலை உள்ளே படம்பிடிக்க அனுமதி தந்தது. ஆனால் இரவில் மாத்திரமே வேலை செய்யலாம். ‘மோனா லிசா’ ஓவியத்தின்மீது விளக்கொளி பாய்ச்சலாகாது. ஆகவே நடிகர் முன் வைக்கப்பட்டது ஒரு பிரதியே. அந்தப் பெறுமதிமிக்க தரையிலே செயற்கை இரத்தம் சிந்தவும் இடமில்லாமையால், இங்கிலாந்தின் பைன்வூட் கலையகத்தில் லூவர் மண்டபம் மீண்டும் கட்டப்பட்டது.

ஆலயங்களோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டன. பாரிசிலுள்ள சென் சுல்பீஸ் ஆலயம் படக்குழுவினரை அனுமதிக்கவில்லை. அவ்வாலயத் தரையிற் பதித்த பித்தளைக் கோட்டைப் பற்றி நாவல் கூறுவது கற்பனை என்றும், அது சூரியனின் கதியைக் கணிக்க 18ஆம் நூற்றாண்டில் அமைந்த வானியற் கருவியின் பகுதி என்றும் விளக்கும் அறிவித்தல் ஒன்று ஆலயத்தினுள்ளேயே வைக்கப்பட்டது. நியூட்டனின் சமாதியுள்ள இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயமும், நூல் இறையியலுக்கு முரணானதெனக் கூறி மறுத்தது. இங்கிலாந்தின் லிங்கன் பேராலயம் இடங்கொடுத்தது. அதன் தலைவர் நூலின் கருத்துகளை ஏற்றவரல்லர். எனினும், கதவை அடைப்பதிலும் திறந்து விவாதிப்பது நன்று என எண்ணினார். ஆலயத்துக்கு ஒரு இலட்சம் பவுண் நன்கொடையும் கிடைத்தது. அங்கே நியூட்டனின் சமாதியைப்போல் ஒன்று அமைக்கப்பட்டுக் காட்சி எடுக்கப்பட்டபோது, கன்னியாஸ்திரி ஒருவர் வெளியே பல மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்துத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். ஸ்கொட்லாந்திலுள்ள ரொஸ்லின் சிற்றாலயம் உண்மையாகவே படத்திலே தோன்றுகிறது. 1446ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, முன்னர் ஆண்டுக்குச் சில பதினாயிரம் பேரே சென்று பார்த்த அவ்வாலயத்துக்கு, படம் வெளியான ஆண்டில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர்.

நீதிமன்றத்திலும் ஒரு மறைகுறி

படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன் இலண்டன் மேல்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. இயேசுவின் அமிசம் பற்றிய இதே வாதத்தை 1982இல் வரலாற்று ஆராய்ச்சி என்ற பெயரில் நூலாக வெளியிட்ட மூவருள் இருவர், டான் பிரவுண் தம் நூலின் மையக்கருத்தைக் கவர்ந்துகொண்டார் எனப் பதிப்பாளர்மீது வழக்குத் தொடுத்தனர். 2006 ஏப்ரில் 7ஆந் திகதி வழக்குத் தள்ளுபடியாயிற்று. தீர்ப்பை எழுதிய நீதிபதி, அதன் எழுத்துகள் சிலவற்றைச் சாய்வெழுத்தாக்கித் தாமும் ஒரு மறைகுறியை ஒளித்து வைத்தார்! நீதிபதியையும் தொற்றிக்கொண்ட மோகம், சாதாரண வாசகரைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

‘உண்மை’ என்று ஒரு பக்கம்

இனி, நாம் முக்கியமெனக் கருதும் விடயத்துக்கு வருகிறோம். நாவலின் தொடக்கத்தில், கதை ஆரம்பிக்கும் முன், ‘உண்மை’ என்னும் தலைப்பில் ஒரு பக்கம் உள்ளது. சீயோன் மடம் என்னும் இரகசியச் சங்கம் 1099ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மெய்யான சங்கம் என்று அது கூறுகிறது. ஆராய்ச்சியாளர் கண்டது வேறு. அச்சங்கம் பியேர் பிளான்டார் என்னும் பிரான்சியர் 1956ஆம் ஆண்டில் பதிவுசெய்தது. அதற்குப் பழமை கற்பிக்கும் பத்திரங்கள், 1960களில் பாரிசிலுள்ள தேசிய நூலகத்தில் வைக்கப்பட்ட போலிகள். நூலில் டீபிங் கூறும் நீசேயாக் கதையும் அத்தகையதே. கிறிஸ்துவின் தெய்வத்துவம் அங்கே சிறு பெரும்பான்மை வாக்கினால் முடிவாயிற்று என்கிறார் அவர். ஆனால் அங்கு விவாதம், மகன் தந்தையோடு ஒரே தன்மையரா என்பது பற்றியது. கூடிய ஏறக்குறைய முந்நூறு மேற்றிராணிமாருள் இறுதிவரை உடன்பட மறுத்தவர் இருவர் மாத்திரமே.

கதாசிரியனுக்குப் பொய் சொல்லும் உரிமை உண்டு. அது அவன் தொழில். ஆனால் பொய்யின் தலையில் ‘உண்மை’ என்று எழுதிவைத்தால் வாசகன் செய்வது யாது? வரலாற்றுப் பாடத்தை நன்கறிந்தவன் சிரித்துவிட்டுப் போவான். அறியாத இளைஞன் அதையே வரலாறெனக் கொள்வான். விசுவாசி மனம் புண்படுவான்.

படக்குழுவினர் இங்கேதான் ஒரு நல்ல காரியம் செய்தனர். ‘உண்மை’ என்ற அந்தப் பக்கம் படத்தில் இல்லை. அதனினும் மேலாக, லாங்டனின் குணத்தையே மாற்றினர். நாவலில் அவர் டீபிங்குக்குத் துணைநின்று சோஃபிக்குப் பாடஞ் சொல்கிறார். படத்திலோ டீபிங்கை மறித்து வாதிடுகிறார். நூலில், சூனியக்காரிகள் எனத் திருச்சபை ஐம்பது இலட்சம் பெண்களை எரித்ததாகச் சொல்லப்படுகிறது. படத்தில் லாங்டன் ஐம்பதினாயிரம் என்கிறார். டீபிங்தான் இலட்சக்கணக்கில் என்கிறார். இன்றைய வரலாற்றாசிரியர் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் கணக்கு லாங்டனின் கணக்கையே ஒட்டியது. நீசேயாவைப் பற்றிய பேச்சிலும், முன்னரே பலர் கொண்டிருந்த நம்பிக்கையையே அச்சங்கம் உறுதிசெய்தது என லாங்டன் எதிர்த்துரைக்கிறார். இறுதியில், ஒருவர் எதை நம்புகிறார் என்பதே முக்கியம் என்று சோஃபியிடம் கூறி அமைகிறார்.

இம்மாற்றம் அச்சத்தினால் நேர்ந்தது என்று சிலர் ஏளனஞ் செய்தனர். அச்சமும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆயினும் கலைநோக்கில் பார்த்தாலும் அது நல்ல மாற்றமே. இருவர் ஒரே கருத்தைச் சொன்னால் அது விரிவுரை. இருவர் முரண்பட்டால் அது நாடகம். டீபிங்கின் மாளிகையில் நிகழும் அந்த நீண்ட காட்சி ஓரளவேனும் உயிர்பெற்றது அந்த முரண்பாட்டினாலும், மக்கெல்லனின் குறும்பு நிறைந்த நடிப்பினாலும் என்பது நம் அபிப்பிராயம். நூலின் எழுத்தை மீறிய இடத்திலேயே படம் சிறந்தது. உண்மைக்கும் சற்று அணுகிற்று.

தடைகள்

இவ்வளவும் எதிர்ப்பைத் தணிக்கவில்லை. 1928இல் ஸ்பெயினில் தோன்றியதும் கதையிலே கொலைஞனின் பின்னணியாகக் காட்டப்பட்டதுமான ‘ஓப்புஸ் தேயி’ என்னும் கத்தோலிக்க அமைப்பு, படத்தின் முகப்பில் ‘இது கற்பனை’ என அறிவிக்குமாறு வேண்டிற்று; நெறியாளர் இணங்கவில்லை. வத்திக்கானின் உயர் குருமார் சிலர் படத்தைப் புறக்கணிக்குமாறு கூறினர். நம் நாட்டிலும், கத்தோலிக்க ஆயர் பேரவையின் வேண்டுகோளையடுத்து, 2006 மே மாதத்தில் படம் காட்டப்படுவது தடைசெய்யப்பட்டது. பாகிஸ்தானும் எகிப்தும் தடைவிதித்தன. இந்தியத் தணிக்கைச் சபை, கற்பனை என்னும் அறிவித்தலோடு வயதுவந்தோருக்கென அனுமதித்தது. எனினும் தமிழ்நாட்டரசு தடுத்தது. சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று.

பக்தர் ஒருவரின் மனப்புண்ணை நாம் அற்பமாகக் கருதவில்லை. தாம் வழிபடும் திருவுருவைப் பிறர் கதைப்பொருளாக்கக் காணும் வேதனை எச்சமயத்தவர்க்கும் பொதுவானது. அதே வேளையில் ஒன்றைக் கவனித்தல் தகும். இங்கே அரங்கிலே தடுக்கப்பட்டது படமே. நாமே அதனைப் பல காலம் கழித்து இசைத்தட்டுப் போன்ற ஒளித்தட்டிலேதான் பார்த்தோம். பார்த்தபோது எமக்கு மேலோங்கிய உணர்ச்சி கோபமன்று, சற்றே அலுப்பு. மாறாக, சென் சுல்பீஸ் ஆலயத்தார் வைத்த அந்தச் சிறு அறிவித்தலை வாசித்துச் செல்லும் பயணி ஒருவன், எது கதை, எது மெய் என்பதை அறிந்தே வெளியேறுவான். அறிவித்தல் செய்யும் இவ்வேலையைத் தடையினாற் செய்ய முடியாது.

கற்ற பாடம்

2009ஆம் ஆண்டில் அதே குழுவினர் டான் பிரவுணின் ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’ நாவலைப் படமாக்கினர். உரோமாபுரி மறைமாவட்டம் தன் ஆலயங்களில் இடமளிக்க மறுத்தமையால், அவற்றையும் பேதுருவானவர் சதுக்கத்தையும் லொஸ் ஏஞ்சல்சில் செயற்கையாக அமைத்தனர். இம்முறை நூலை வெட்டவும் மாற்றவும் அவர்கள் கை கூசவில்லை. முக்கியமான கதாபாத்திரம் ஒருவரை அறவே நீக்கினர். பாப்பரசர் ஒருவரைப் பற்றிய மர்மத்தையும் மாற்றினர். நூலில் மாண்டுபோகும் கர்தினால் ஒருவரைத் திரையிற் பிழைக்கவைத்தனர். படம் விரைந்து ஓடிற்று. வத்திக்கானின் பத்திரிகையே அதனைத் தீங்கற்ற பொழுதுபோக்கு என எழுதிற்று. வசூல் முதற்படத்தினும் குறைவுதான். ஆனால் ஏட்டிலிருந்து திரைக்கு வருதல் என்ற வகையில் இரண்டாவதே கெட்டிக்காரத்தனமானது என்போம்.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு எமது விடை இதுவே. படமாக்குபவர் நூலின் எழுத்துக்கு அடிமையாதல் வேண்டா. அதன் உயிர் எங்கே துடிக்கிறதோ அதைப் பற்றிக்கொண்டால் போதும். உண்மையைத் தொடுமிடத்தில் மாத்திரம் நூலாசிரியரினும் அவர் ஒரு படி கூடுதலாகக் கவனமாயிருத்தல் வேண்டும். ஏனெனில் காகிதத்தில் வாசித்ததை மனிதன் சந்தேகிப்பான். கண்ணாற் கண்டதை எளிதில் நம்பிவிடுவான்.

எமது மாணவ வாசகர்க்கு ஒரு சொல். இத்தகைய நூல் ஒன்று கையிற் கிடைத்தால் அஞ்சி மூடிவிடவும் வேண்டா. மயங்கி நம்பிவிடவும் வேண்டா. பக்கத்தில் ஒரு வரலாற்று நூலையும் வைத்துக்கொண்டு வாசியுங்கள். கதை சொன்னது எது, சரித்திரம் சொன்னது எது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளை வாசிப்பதைக் கண்ட பெற்றோரும் புத்தகத்தைப் பறித்து வைத்துவிடாமல், இராப்போசனத்துக்குப் பின் ஒருங்கிருந்து அதைப்பற்றிப் பேசுவார்களாயின் நன்று. டான் பிரவுண் அமைத்த புதிர்கள் யாவற்றினும், அந்த மேசையைச் சுற்றி எழும் வினாக்கள் சுவைமிக்கனவாயிருக்கும்.